ஸ்மோல்இன்டிஜரைப் பூலியனாக்க ஏலாமக் கிடக்கு, ஆராவது உதவுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கிளிநொச்சியில, இரணைமடுக் குளத்துக்குக் கீழ இருக்கிற ஒரு கமக்கார அமைப்புக்கு ஜாங்கோவில (பைத்தன் வெப் ஃபிரேம்வேர்க்) சின்னப் பதிவேடு ஒண்டு செய்து குடுத்தனான். ஒவ்வொரு வயலுக்கும் 'தண்ணி வந்ததா' எண்டு ஒரு ஃபீல்ட். புத்தியில்லாம அதை ஸ்மோல்இன்டிஜராக்கி (சின்ன முழு எண்), டிஃபோல்ட் 0 போட்டு வச்சிட்டன்.

இப்ப அதைப் பூலியன்ஃபீல்டாக்கி (ஓம்/இல்லை), வெறுமையாவும் விடலாமெண்டு நல் ட்ரூவும் குடுத்தன். லப்டொப்பில டேட்டாபேஸ் எஸ்கியூலைட், அதில கொலத்தை மாத்துற மைக்ரேட் சத்தமில்லாம ஓடிச்சுது. எஸ்கியூலைட் பூலியனையும் 0, 1 எண்டுதானே வைக்குது! சேர்வரில டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், அது ஸ்மோல்இன்ட்டைப் பூலியனாக் காஸ்ட் பண்ண (வகை மாத்த) ஏலாதெண்டு நிண்டிட்டுது. சாதாரண இன்டிஜர் எண்டா மாறியிருக்கும்.

புதுக் கொலம் சேர்த்து, ரன்பைத்தனால (மைக்ரேஷனுக்குள்ள ஓடுற பைத்தன் கோட்) கொப்பி பண்ணி, பழசைக் கழட்டிப் பேரை மாத்துறதோ? இல்லாட்டி ரன்எஸ்கியூஎல்லில (நேரா எஸ்கியூஎல் எழுதி) எப்பிடி மாத்துறதெண்டு யூசிங் போட்டு, ஜாங்கோவுக்கும் மாற்றத்தைச் சொல்ல ஸ்டேட் ஒபரேஷன்ஸும் குடுத்தா ஒரே மைக்ரேஷனில முடியுமோ? சிறுபோகப் பதிவு நடந்துகொண்டிருக்கு, கனநேரம் நிப்பாட்டேலாது.

மற்றது, பழைய 0 எல்லாம் 'வரேல்லை'யோ, 'இன்னும் போய்ப் பாக்கேல்லை'யோ எண்டு பிரிக்க வழியில்லை. எல்லாத்தையும் நல் ஆக்கினா, தண்ணி வரேல்லையெண்டு பதிஞ்ச கடைமடைக்காரர் சண்டைக்கு வருவினம். நீங்கள் எண்டா என்ன செய்வீங்கள்?