விலையும் இல்லை, அளவும் இல்லை: மாயாவியின் அசல் பக்கத்தை எப்படி வாங்குவது?

குந்துகால் வாசகன், பாம்பன்:

வணக்கம். மூன்று மாதமாக ஒரே தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாங்கவும் முடியவில்லை, விடவும் மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

இரும்புக்கை மாயாவி காமிக்ஸ் கதையில் ஒரு பக்கம் எனக்கு வேண்டும். அச்சிட்ட புத்தகம் அல்ல, ஓவியர் கையால் வரைந்த அசல் தாள். மண்டபத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த என் சித்தப்பா, 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக மாயாவி வந்ததிலிருந்து ஒரு தகரப்பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருந்தார். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே அந்தப் பெட்டியில்தான். ஒரு ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, பெட்டியோடு எல்லாம் கூழாகிவிட்டது. இப்போது கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. 40,000 ரூபாய் வரை போகலாம்.

வெளிநாட்டு வியாபாரி ஒருவர் இணையத்தில் ஒரு பக்கம் போட்டிருக்கிறார். விலை இல்லை; ‘விலைக்கு எழுதுங்கள்’ என்று இருக்கிறது. எழுதினேன். ஒன்பதாம் நாள் வந்த பதில்: ‘உங்களால் எவ்வளவு தர முடியும்?’ தாளின் அளவு இல்லை. எந்தக் கதை, எந்த ஆண்டு, பின்புறம் என்ன இருக்கிறது, ஒன்றும் இல்லை. ‘அற்புதமான அதிரடிப் பக்கம்’ என்று எழுதி நான்கு ஆச்சரியக்குறி போட்டிருக்கிறார். இருப்பது ஒரே படம். அதையும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தபடியே எடுத்திருக்கிறார். டியூப் லைட்டின் ஒளி கோடாக விழுந்து, கடைசிக் கட்டத்தில் மாயாவியின் முகம் இருக்க வேண்டிய இடத்தைச் சரியாக மறைக்கிறது. பெரிதாக்கினால் சதுரம் சதுரமாகச் சிதறுகிறது. போதாததற்குக் குறுக்கே கடையின் பெயர் வேறு.

சரி, வேறு பக்கம் பார்ப்போம் என்று அவரிடம் உள்ள 212 பக்கங்களையும் ஓர் இரவு உட்கார்ந்து திறந்தேன். பாதிக்கு மேல் விற்றுப்போனவை. அதுவும் உள்ளே போன பிறகுதான் தெரிகிறது. விற்ற விலையையும் அழித்துவிடுகிறார், ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை.

இதற்கு நடுவில் நம் நாட்டு விற்பனையாளர் ஒருவர் ‘மாயாவி அசல் பக்கம்’ என்று 28,000 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார். விலை, அளவு, நான்கு படங்கள் என எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. மனம் அங்கேதான் சாய்கிறது. வெளிநாட்டுக்காரரிடம் இன்னும் என்ன கேட்கலாம்? அல்லது அவரை விட்டுவிட்டு இதை வாங்கிவிடலாமா?

கீழக்கரை சபுராளி:

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். வளைகுடாவில் இருந்த 20 ஆண்டுகளில் ஆறு பக்கங்கள் வாங்கியிருக்கிறேன், அதில் இரண்டில் ஏமாந்தேன். அதனால் சொல்லத் தகுதி உண்டு.

உங்கள் ஊரில் கரையில் மீன் ஏலம் பார்த்திருப்பீர்கள். கூடையைக் கவிழ்த்துக் கொட்டிக் காட்டாமல் எவனாவது ஏலம் கூறினால் ஒருவரும் கிட்டே போகமாட்டோம். மேலே நாலு நல்ல மீன், அடியில் நொந்தது என்பது நமக்குத் தெரியும். தாள் விஷயத்திலும் அதைத்தான் செய்ய வேண்டும்: கொட்டிக் காட்டச் சொல்லுங்கள். உறையிலிருந்து வெளியே எடுத்த படம் ஒன்று. ஓரத்தில் அடிக்கோல் வைத்து ஒன்று. பின்புறம் ஒன்று. நான்காவது முக்கியம்: அறை விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்த படம். கையால் வரைந்ததென்றால் கறுப்பு நிரப்பிய இடத்தில் தூரிகை போன தடம் தெரியும், மை ஓரிடத்தில் கெட்டியாகவும் ஓரிடத்தில் வெளிறியும் இருக்கும். திருத்தப் பூசிய வெள்ளை பெயிண்ட் தாளை விட்டு மேடாக நிற்கும். அச்சில் கறுப்பு ஒரே சீராக இருக்கும்.

அளவு கேட்பது வீண்வேலை அல்ல. ஓவியர்கள் அச்சில் வருவதைவிடப் பெரிதாகத்தான் வரைவார்கள், படம் பிடித்துச் சுருக்கி அச்சிடுவார்கள். அமெரிக்கக் காமிக்ஸில் 1967 வாக்கு வரை ஓவியப் பரப்பே ஏறத்தாழ 12க்கு 18 அங்குலம், பிறகு 10க்கு 15 ஆகக் குறைந்தது. பிரிட்டிஷ் வார இதழ்களின் அளவு வேறு, ஆனால் முறை ஒன்றுதான். ‘அசல்’ என்பது புத்தகத்தின் அளவிலேயே இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பெயரையும் அப்படியே நம்பாதீர்கள். மாயாவியை 1962இல் தொடங்கிய வேலியன்ட் என்ற லண்டன் வார இதழுக்காக வரைந்தவர் பார்சிலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அவருடைய சகோதரர்களும் ஓவியர்கள், அவரோடு சேர்ந்து வேலை செய்தவர்கள். வியாபாரி எல்லாவற்றுக்கும் பெரியவர் பெயரையே போடுவார். புதிய காமிக்ஸில் இது இன்னும் மோசம். பென்சில் போட்டவர் ஓர் ஊரில் இருந்து ஸ்கேன் செய்து அனுப்ப, மை போடுபவர் வேறோர் ஊரில் அதை வெளிர்நீலத்தில் அச்செடுத்து அதன்மேல் மை போடுகிறார். அந்தத் தாளைப் பென்சில்காரர் கையால் தொட்டதே இல்லை. நான் ஏமாந்த இரண்டில் ஒன்று இது. மற்றொன்று, பழைய அட்டைப்படத்தை அதே ஓவியர் வயதான காலத்தில் ஆர்டருக்குத் திரும்ப வரைந்து கொடுத்தது. ‘மறுவரைவு’ என்ற சொல் ஏழாவது வரியில் இருந்தது. நான் ஆறு வரி படித்துவிட்டுப் பணம் அனுப்பினேன்.

எவ்வளவு தர முடியும் என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லும் தொகைதான் விலையாகும்.

சங்குக்கடை அக்கா, ராமேஸ்வரம்:

வியாபாரியைத் திட்டிக்கொண்டே போகிறீர்கள், நான் கொஞ்சம் அவர் பக்கம் பேசுகிறேன். வலம்புரி வியாபாரம் பண்ணும் குடும்பம் எங்களுடையது. பெரிய சங்குக்கு நாங்களும் விலை எழுதி ஒட்டுவதில்லை. ஒட்டினால் எங்களுக்குச் சங்கு கொடுத்தவர் மறுநாள் காலை வாசலில் வந்து நிற்பார்: ‘எனக்கு இவ்வளவுதானே கொடுத்தாய்?’ பழைய ஓவியம் விற்பவருக்கும் அதே பயம் இருக்கும். யாரோ ஒரு முதியவரின் பரணில் இருந்து கட்டாக எடுத்திருப்பார்.

விற்றதை எடுக்காமல் வைப்பதும் அப்படித்தான். கடை நிறைந்து தெரிய வேண்டும். அது குற்றமா?

குந்துகால் வாசகன், பாம்பன்:

அக்கா, உங்கள் கடையில் விற்றுப்போன சங்கை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து, பை திறந்து பணம் எண்ணிய பிறகு ‘இது போன வருடமே விற்றுவிட்டது’ என்று சொல்வீர்களா?

சங்குக்கடை அக்கா, ராமேஸ்வரம்:

மாட்டேன். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரியாதையாகக் கேட்பவருக்கு விலை சொல்லிவிடுவேன். நீங்கள் அவருக்கு எப்படி எழுதினீர்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். ‘விலை என்ன’ என்று இரண்டு சொல்லில் ஒரு நாளைக்கு 50 பேர் கேட்பார்கள். யார் வாங்குவார், யார் வேடிக்கை பார்ப்பார் என்று அவருக்கும் தெரிய வேண்டாமா?

கீழக்கரை சபுராளி:

அதுவும் உண்மைதான். ஆனால் 2022 ஜனவரியில் ஸ்பைடர்மேன் கறுப்பு உடையோடு வரும் ஒரே ஒரு பக்கம் அமெரிக்க ஏலத்தில் 33.6 லட்சம் டாலருக்குப் போனதிலிருந்து, பீரோவில் பழைய தாள் வைத்திருப்பவர்கள் எல்லோரும் புதையலைக் காக்கும் பூதமாகிவிட்டார்கள். தம்பி, ஏல நிறுவனங்கள் பழைய ஏலங்களின் விலையை அழிக்காமல் வைத்திருப்பார்கள். அதே ஓவியரின் பக்கங்கள் முன்பு என்ன விலைக்குப் போயின என்று அங்கே பாருங்கள். கூறிய விலைக்கு மேல் வாங்குபவர் தரும் கமிஷன் தனி, 20 விழுக்காடும் அதற்கு மேலும் போகும். அங்கே காட்டும் விலையில் கமிஷன் சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

பழைய பேஸ்டிங் ஆள், கேணிக்கரை:

எல்லோரும் வெளிநாட்டுக்காரரையே பேசுகிறீர்கள். எனக்கு ஒரே கேள்வி. அந்த 28,000 ரூபாய்ப் பக்கத்தில் வசனக் குமிழுக்குள் என்ன மொழி இருக்கிறது?

குந்துகால் வாசகன், பாம்பன்:

தமிழ்தான் ஐயா. சித்தப்பா பெட்டியில் பார்த்த அதே எழுத்து. அதனால்தான் பிடித்தது.

பழைய பேஸ்டிங் ஆள், கேணிக்கரை:

அப்படியானால் பணத்தை எடுக்காதீர்கள். பார்சிலோனாவில் உட்கார்ந்து லண்டன் இதழுக்கு வரைந்தவருடைய தாளில் தமிழ் எப்படி வரும்?

நான் அச்சகத்தில் 16 ஆண்டுகள் பேஸ்டிங் செய்தவன். இரவல் படக்கதைகளுக்கு எங்கள் மேஜைக்கு வந்தது ஓவியரின் தாள் அல்ல, புரோமைடு. புகைப்படத் தாளில் எடுத்த நகல். ஆங்கிலக் குமிழை பிளேடால் சுரண்டியோ வெள்ளை அடித்தோ மறைப்போம். தமிழ் வசனத்தைத் தனித்தாளில் அச்சுக்கோத்து எடுத்து, குமிழின் வடிவத்துக்கு வெட்டி, ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டுவோம். தமிழ் வசனம் நீளம், குமிழ் போதாது. குமிழைப் பெரிதாக்கினால் ஆளின் காது மறையும். அந்தக் காதை நான் மீண்டும் வரைந்திருக்கிறேன். பிறகு நெகட்டிவ், பிளேட், ஆஃப்செட். வேலை முடிந்ததும் அந்த ஒட்டுத்தாள் மூலைக்குப் போகும். அதைத்தான் இப்போது ‘அசல்’ என்கிறார்கள்.

உங்களிடம் உள்ள நான்கு படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். குமிழின் ஓரத்தில் மெல்லிய நிழல் இருக்கும். ஒட்டிய இடத்தைச் சுற்றித் தேநீர் சிந்தியதுபோல் மஞ்சள் கறை இருக்கும், அது சொல்யூஷன் வயதானதால் வருவது. தாள் வழவழப்பாக இருக்கும்.

குந்துகால் வாசகன், பாம்பன்:

பார்த்தேன். மூன்றாவது கட்டத்தில் ‘ஆ’ என்ற எழுத்தின் கீழ் மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது. கறை நீங்கள் சொன்ன நிறமேதான். அளவு, நான் வைத்திருக்கும் புத்தகத்தைவிட ஒரு விரல்கூடப் பெரிதில்லை. விளம்பரத்தில் எல்லாம் பளிச்சென்று இருந்ததால் சந்தேகமே வரவில்லை ஐயா. ஒருவகையில் அந்தத் தாளும் எனக்கு வேண்டும்போல்தான் இருக்கிறது.

பழைய பேஸ்டிங் ஆள், கேணிக்கரை:

வேண்டும் என்றால் வாங்குங்கள், அதுவும் ஒருவன் முதுகு வலிக்கச் செய்த வேலைதான். ஆனால் ‘புரோமைடு, தமிழ் ஒட்டு’ என்று சொல்லி விற்கட்டும். அந்தப் பெயருக்கு 28,000 கிடையாது. எங்களுக்கு ஒரு பக்கத்துக்குத் தந்த கூலியைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

தொண்டி கடற்கரை:

எதை வாங்கினாலும் வந்தவுடன் லேமினேஷன் செய்துவிடுங்கள். நம் ஊர் உப்புக்காற்றுக்கு அதுதான் சரி.

கீழக்கரை சபுராளி:

செய்யவே வேண்டாம்! சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, தாளின் மதிப்பும் அதோடு போய்விடும். அமிலமில்லாத அட்டையோடு பாலியஸ்டர் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பீரோவில் படுக்கவைத்து வையுங்கள். கடலைப் பார்த்த சுவரில் மாட்டினால் ஒரு வருடத்தில் பூஞ்சை புள்ளி வைக்கும். மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், இராமபாணப் பூச்சிக்குப் பழைய பசை என்றால் விருந்து. அனுப்பும்போது குழாயில் சுருட்ட வேண்டாம், இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே தட்டையாக அனுப்பச் சொல்லுங்கள். தபாலில் வந்தால் சென்னை வெளிநாட்டு அஞ்சலகத்தில் சுங்கம் பார்த்துத்தான் விடுவார்கள். விலைச்சீட்டில் உண்மைத் தொகையையே எழுதச் சொல்லுங்கள்.

குந்துகால் வாசகன், பாம்பன்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். அக்கா சொன்னபடி, நான் யார், ஏன் இந்தப் பக்கம் வேண்டும், தகரப்பெட்டிக்கு என்ன ஆயிற்று என்று விவரமாக எழுதினேன். சபுராளி காக்கா சொன்ன நான்கு படங்களையும் கேட்டேன். தொகை எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாளே பதில் வந்தது. விலை 310 பவுண்டு. கூரியரோடு சேர்த்தால் என் 40,000ஐ ஒட்டி வருகிறது, சுங்கம் தனி. இரண்டு தவணையாகத் தரலாம் என்று அவரே சொன்னார்.

நான்கு படங்களும் வந்தன. அடிக்கோலை வைத்துப் பார்த்தால் புத்தகத்தைவிட நன்றாகப் பெரியது. பின்புறம் பென்சிலில் ஒரு எண், மங்கிய ரப்பர் முத்திரை. டார்ச் ஒளியில் கறுப்புக்குள் தூரிகைத் தடம் வலமிருந்து இடமாகப் போவது தெரிகிறது. ஆங்கிலக் குமிழ்கள் ஒட்டியவைதான், கேணிக்கரை ஐயாவுக்காகக் குறிப்பாகப் பார்த்தேன். ஓரத்தில் அதே மஞ்சள் கறை.

டியூப் லைட் ஒளி மறைத்திருந்த அந்தக் கடைசிக் கட்டத்தையும் பார்த்தேன். அங்கே முகமே இல்லை. மின்சாரம் பாய்ந்து ஆள் மறைந்துவிட்டார், அந்தரத்தில் இரும்புக்கை மட்டும் கதவின் குமிழைத் திருகிக்கொண்டிருக்கிறது. மூன்று மாதமாக அந்த ஒளிக்கோட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் தவணை அனுப்பிவிட்டேன்.

சங்குக்கடை அக்கா, ராமேஸ்வரம்:

நல்லது தம்பி. எவ்வளவு குறைத்தார்?

குந்துகால் வாசகன், பாம்பன்:

கேட்க மறந்துவிட்டேன் அக்கா.