ஆப்பில் ஸ்டேடியத்தைச் சுற்றி சிவப்பு வட்டம், அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவின் பட்டியலில் ஒன்றுமே இல்லை. எதை நம்புறது? அவசரம்

வளைகுடா_பறவை | வியாழன் இரவு 9:41
சனிக்கிழமை மதியம் பறக்கணும். ஆப்ல ஸ்டேடியத்தைச் சுத்தி சிவப்பு வட்டம் காட்டுது. எஃப்ஏஏவோட டிஎஃப்ஆர் (தற்காலிகப் பறப்புத் தடை) பட்டியலைத் திறந்தா அந்த இடத்துக்கு எதுவுமே இல்ல. நேத்து பார்த்தப்ப ஆப்லயும் வட்டம் இல்ல. இது ஆப் கோளாறா, நிஜமான தடையா? ரொம்ப மேல எல்லாம் போக மாட்டேன், தாழ்வாத்தான். யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

காற்றாடி107 | 9:50
தாழ்வா போனா தப்பிச்சுக்கலாம்னு நினைக்காதீங்க ப்ரோ. இந்தத் தடை தரையிலிருந்தே தொடங்குது. ட்ரோனை 50 அடியில பறக்கவிட்டாலும் மீறல்தான். லான்ஸ்ல (ட்ரோனுக்கு இணையத்துல அனுமதி வாங்கற அமைப்பு) வரைபடக் கட்டத்துக்கு அனுமதி கிடைச்சிருந்தாலும் அது ஸ்டேடியம் தடையை நீக்காது. பார்ட் 107 ட்ரோன் விதிப்படி நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்பு) பார்க்கிறது உங்க பொறுப்பு. 2024 சட்டத்துக்கு அப்புறம் ட்ரோனுக்கு அபராதம் ஒரு மீறலுக்கு 75,000 டாலர் வரைக்கும் போகலாம்.

ரேகா_கிரவுண்ட்ஸ்கூல் | 9:58
ட்ரோன்னு அவர் சொல்லவே இல்லையே. வளைகுடா_பறவை, இதெல்லாம் சொன்னாத்தான் பதில் சொல்ல முடியும்: ட்ரோனா, விமானமா? எந்த ஸ்டேடியம்? அன்னிக்கு அங்க என்ன மேட்ச், எத்தனை மணிக்கு? எங்கிருந்து கிளம்புறீங்க, எந்த வழி?

செந்தில்_ஏவியானிக்ஸ் | 10:05
எனக்கு என்னவோ இது டேட்டா பிரச்சனைன்னுதான் படுது. நேத்து இல்லாதது இன்னிக்கு வருதுன்னா ஆப் பழைய தரவை வெச்சிருக்கும். ஆப்ல இறக்கின தரவுப் பேக்கேஜை அழிச்சிட்டு மறுபடி இறக்கிப் பாருங்க. டேப்லெட்ல நேர மண்டலம் சரியா இருக்கான்னும் பாருங்க. சில திரையில தடை நேரம் ஜூலுவுலதான் (உலகப் பொது நேரம், யுடிசி) வரும். பசிபிக் கோடை நேரத்துக்கு 7 மணி கூட்டணும்: உள்ளூர் 12:30ன்னா ஜூலு 19:30. இதை மாத்திப் படிச்சு ஏமாந்தவங்க நிறைய.

நோட்டாம்_நோக்கர் | 10:22
வருஷத்துக்கு நாலு தடவை இதே கேள்வி வருது. உரிமம் வாங்கும்போதே தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம். பறப்புக்கு முன்னாடி கிடைக்கிற எல்லாத் தகவலையும் பார்த்திருக்கணும்னு விமானிகளுக்கான விதி 91.103 சொல்றது ஆப்பைத் திறந்து பார்க்கிறதை இல்ல. சரி, முழுசா எழுதறேன், ஒரு தடவை பொறுமையாப் படிங்க.

ஸ்டேடியம் தடை மேட்சுக்கு ஒண்ணா வர்ற டிஎஃப்ஆர் இல்ல. அது நாடு முழுக்கச் செல்லுபடியாகிற ஒரே ஒரு நிலையான எஃப்டிசி வகை நோட்டாம், எண் 0/0367. அதுல எந்த ஊர் பேரும் இல்ல, எந்தத் தேதியும் இல்ல. நிபந்தனை மட்டும்தான் இருக்கு. அதனாலதான் பட்டியல்ல உங்க ஸ்டேடியத்தைத் தேடினா வராது. பட்டியல்ல இல்லைங்கிறதை வெச்சு தடை இல்லைன்னு முடிவு கட்டக் கூடாது.

நிபந்தனை: 30,000 அல்லது அதுக்கு மேல இருக்கை உள்ள ஸ்டேடியம். அங்க எம்எல்பி பேஸ்பால், என்எஃப்எல் (தொழில்முறை அமெரிக்க ஃபுட்பால்), என்சிஏஏ முதல் பிரிவு (கல்லூரி) அமெரிக்க ஃபுட்பால், இதுல ஏதாவது ஒண்ணோட வழக்கமான சீசன் மேட்ச் அல்லது அதுக்கப்புறம் வர்ற பிளேஆஃப் மேட்ச் நடக்கணும். நாஸ்கார் கப், இண்டிகார் கார் பந்தயங்களும் உண்டு, தகுதிச் சுற்று சேராது. எத்தனை பேர் வந்து உட்கார்ந்தாங்கங்கிறது கணக்கே இல்ல, எத்தனை இருக்கை இருக்குங்கிறதுதான் கணக்கு. 3 கடல் மைல் ஆரம், தரைமட்டத்துக்கு மேல 3,000 அடி வரைக்கும், 3,000 உட்பட. மேட்ச் தொடங்கறதா அறிவிச்ச நேரத்துக்கு 1 மணி நேரம் முன்னாடி தொடங்கி, மேட்ச் முடிஞ்சு 1 மணி நேரம் கழிச்சுத்தான் விலகும். முடியற நேரத்தை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மழையில நின்னா, கூடுதல் இன்னிங்ஸ் போனா, தடையும் கூடவே நீளும்.

இந்த வான்வெளியை தேசியப் பாதுகாப்பு வான்வெளின்னு வகைப்படுத்தியிருக்காங்க. தெரிஞ்சே மீறினா உரிமம் போறதோட நிக்காது, குற்ற வழக்கும் வரலாம், ஒரு வருஷம் வரைக்கும் சிறை.

வளைகுடா_பறவை | 10:40
செஸ்னா 172 விமானம். கலிஃபோர்னியா, பாலோ ஆல்டோ விமான நிலையம். ஸ்டான்ஃபோர்ட் ஸ்டேடியம்.

ரேகா_கிரவுண்ட்ஸ்கூல் | 10:47
நேரம்? வழி? திரும்பி எப்போ இறங்கறீங்க?

வளைகுடா_பறவை | 11:15
மதியம் 1 மணிக்குக் கிளம்பி பே டூர், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுத்திப் பார்க்கிறது. கோல்டன் கேட் வரைக்கும். ரெண்டு பயணிகள். மேட்ச் 12:30னு போட்டிருக்கு.

ரேகா_கிரவுண்ட்ஸ்கூல் | 11:52
இப்போ பேசலாம். வட்டம் நேத்து இல்லாம இன்னிக்கு வந்ததுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: கல்லூரி ஃபுட்பால்ல நிறைய மேட்சுக்கு நேரத்தை டிவி ஒளிபரப்பு முடிவான பிறகுதான், 12 நாளோ 6 நாளோ முன்னாடி அறிவிப்பாங்க. அதுவரைக்கும் அட்டவணையில நேரம் காலியா இருக்கும். ஆப் எப்போ அட்டவணையைப் புதுப்பிக்குதோ அப்போதான் வட்டம் வரும். அதனால பல்கலைக்கழக விளையாட்டுத் தளத்துல கிக்ஆஃப் நேரத்தை நீங்களே பாருங்க. வெள்ளி இரவு ஒரு தடவை, கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை. 1800-டபிள்யூஎக்ஸ்-பிரீஃப்ல (விமானிகளுக்கு வானிலை, நோட்டாம் சொல்ற சேவை) ஃபோன் பண்ணி ஸ்டேடியம் நோட்டாமைப் பத்தியும் கேளுங்க, கேட்டது பதிவாகும்.

12:30 மேட்சுன்னா தடை 11:30க்குத் தொடங்கும். கல்லூரி மேட்ச் சுமாரா மூணரை மணி நேரம் ஓடும், அதாவது 4 மணிக்கு முடிஞ்சா 5 மணி வரைக்கும் தடை. நீங்க 1 மணிக்குக் கிளம்பி 3 மணிக்கு இறங்கினா ரெண்டு தடவையும் தடைக்குள்ளதான்.

இப்போ இடம். ஸ்டேடியத்திலிருந்து பாலோ ஆல்டோ ஓடுதளம் வடகிழக்கே சுமார் 2.7 கடல் மைல். அதாவது ஓடுதளமே வட்டத்துக்குள்ள இருக்கு, விளிம்புக்கு உள்பக்கமா ஒட்டிக்கிட்டு. ஆனா இறங்கறதும் கிளம்பறதும் தடை இல்ல. ஏடிசி (வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு) அனுமதியோடயும் தொடர்போடயும் இயக்கத் தேவைக்காகவோ பறப்புப் பாதுகாப்புக்காகவோ பறக்கிற விமானத்துக்கு நோட்டாம்லயே விலக்கு இருக்கு. 2003 சட்டமும் வழக்கமான முறையில ஒரு விமான நிலையத்துக்கு வந்து போறதை அனுமதிக்குது.

31ஆம் ஓடுதளத்துல கிளம்பி, கட்டுப்பாட்டு டவர்கிட்ட வலது டம்பார்ட்டன் (வலப்பக்கமா டம்பார்ட்டன் பாலத்துக்குப் போற வழி) கேளுங்க. வலப்பக்கம் திரும்பி வளைகுடா மேல போனதுமே வட்டத்தை விட்டு வெளிய வந்துடுவீங்க. டம்பார்ட்டன் பாலம் ஸ்டேடியத்திலிருந்து 4 மைலுக்கு மேல. இடப்பக்கம் திரும்பி வளாகத்தைப் பயணிகளுக்குக் காட்டலாம்னு மட்டும் நினைக்காதீங்க. வழக்கமா அழகான காட்சிதான், சனிக்கிழமை அது நேரா ஸ்டேடியம் மேலயே கொண்டுபோய் விடும்.

பாலா_பறப்பு | வெள்ளி காலை 6:30
இவ்வளவு யோசிக்கவே வேணாம். கிளம்பினதும் நார்கால்ல (வட கலிஃபோர்னியா ரேடார் கட்டுப்பாடு) ஃபிளைட் ஃபாலோயிங் (ரேடார்ல கவனிச்சுக்கிட்டே வர்ற சேவை) எடுத்துடுங்க. ஸ்க்வாக் கோட் (ரேடார்ல அடையாளம் காட்டற எண்) கொடுத்துட்டாங்கன்னா ஏடிசி தொடர்புல இருக்கீங்க, விலக்கு கிடைச்சுடும். அவங்களுக்கு மேட்ச் தெரியும், தள்ளிப் போகணும்னா சொல்லுவாங்க.

நோட்டாம்_நோக்கர் | 6:44
இது ஆபத்தான ஆலோசனை. நோட்டாம் ரெண்டும் வேணும்னு சொல்லுது: அனுமதி, தொடர்பு. ஃபாலோயிங் வெறும் தொடர்பு. ரேடார் சேவை கொடுக்கிறவர் உங்களை எங்கயும் அனுமதிக்கல, போக்குவரத்தைச் சொல்றார், அவ்வளவுதான். மூணாவதா ஒரு நிபந்தனையும் இருக்கு, அதை எல்லாரும் மறந்துடறாங்க: இயக்கத் தேவை அல்லது பறப்புப் பாதுகாப்பு. ஊர் சுத்திப் பார்க்கிறது ரெண்டுலயும் வராது.

பாலா_பறப்பு | 6:58
அப்போ பிராவோவுக்குள்ள (பெரிய விமான நிலையத்தைச் சுத்தின கட்டுப்பாட்டு வான்வெளி) கிளியரன்ஸ் கொடுத்து, கொடுத்த திசையில போன்னா? அதுவும் அனுமதி இல்லையா?

ரேகா_கிரவுண்ட்ஸ்கூல் | 7:20
அவங்களா திசை கொடுத்து வட்டத்துக்குள்ள கொண்டுபோனா அது போக்குவரத்தைப் பிரிக்கத்தான், அதாவது இயக்கத் தேவை. நீங்களா கேட்டு "பேஸ்பால் மைதானம் மேல ஒரு சுத்து" போறது வேற. சந்தேகம் இருந்தா அலைவரிசையிலேயே நேராக் கேளுங்க: ஸ்டேடியம் டிஎஃப்ஆர் நடப்புல இருக்கு, இந்தத் திசை அதுக்குள்ள போகுது, உறுதிப்படுத்துங்கன்னு. ஒரே வாக்கியம். கட்டுப்பாட்டாளர் வேற திசை கொடுப்பார், இல்ல உறுதி சொல்வார்.

பே டூர்ல ரெண்டாவது வட்டத்தை யாரும் இன்னும் சொல்லல. சான் ஃபிரான்சிஸ்கோவோட ஓரக்கிள் பார்க் ஸ்டேடியம். அன்னிக்கு அங்க பேஸ்பால் இருந்தா பே பிரிட்ஜோட மேற்குப் பாதியும் ட்ரெஷர் தீவோட பெரும்பகுதியும் உள்ள வந்துடும். அல்கட்ராஸ் வெளிய, ஆனா சுமார் 0.3 மைல்தான் இடைவெளி. அங்க இடப்பக்கமா வட்டமடிச்சா எந்தப் பக்கம் அகலுறீங்கன்னு பார்த்துக்கணும். கோல்டன் கேட் பாலம் கிட்டத்தட்ட 5 மைல் தள்ளி, பிரச்சனை இல்ல. கிழக்குக் கரை வழியா வந்தா பெர்க்லி மெமோரியல் ஸ்டேடியத்தையும் பாருங்க. அங்க ஃபுட்பால் இருந்தா எமரிவில் வரைக்கும் வட்டம் வரும்.

செந்தில்_ஏவியானிக்ஸ் | 7:41
ஆரத்தை அளக்கும்போது ஆப்ல அலகு கடல் மைலான்னு பாருங்க. சாதாரண மைல்ல 3ன்னு அளந்துட்டா 2.6 கடல் மைல்தான் வரும், கிட்டத்தட்ட அரை மைல் உள்ள இருப்பீங்க. உயரத்துலயும் அதேதான். வளைகுடா ஓரத்துல தரையும் கடல்மட்டமும் ஒண்ணுங்கிறதால 3,000ங்கிறது ஆல்டிமீட்டர்ல அப்படியே 3,000. டென்வர்ல கூர்ஸ் ஃபீல்டுன்னா தரையே 5,200 அடி, தடை 8,200 வரைக்கும்.

கிழக்குவானம் | 8:15
ஓக்லண்ட் கோலிசியம் வட்டத்தையும் சேர்க்கலையே?

செந்தில்_ஏவியானிக்ஸ் | 8:19
2024 சீசனோட ஏ'ஸ் பேஸ்பால் அணி அங்கிருந்து போயாச்சு. இப்போ விளையாடற சாக்ரமெண்டோ மைதானத்துல சுமார் 14,000 இருக்கைதான், எம்எல்பி மேட்சா இருந்தாலும் நிபந்தனைக்குள்ள வராது. கோலிசியத்துல இப்போ நடக்கிற சாக்கருக்கும் இந்த நோட்டாம் பொருந்தாது. பழைய தரவுல இன்னும் வட்டம் வந்தா அது ஆப் கோளாறுதான்.

கிழக்குவானம் | 8:30
எம்எல்எஸ் சாக்கர்ல 60,000 பேர் வந்தாலும் தடை இல்ல, பாதி காலியான பேஸ்பாலுக்குத் தடை. இதுல என்ன பாதுகாப்பு? கூட்டம்தான் காரணம்னா கச்சேரிக்கும் போடணும்.

நோட்டாம்_நோக்கர் | 8:52
2001 செப்டம்பருக்கு அப்புறம் பாதுகாப்புக்காக வந்தது. 2003ல நாடாளுமன்றமே சட்டத்துல எழுதி, 2004ல திருத்திச்சு. பட்டியல்ல இருக்கிற லீக் மட்டும்தான் சட்டம். உலகக் கோப்பை, சூப்பர் பவுல் மாதிரி பெரிய நிகழ்ச்சிக்குத் தனி டிஎஃப்ஆர் வரும், அது பட்டியல்லயும் வரும், ஆரமும் ரொம்பப் பெரிசு. நியாயமான்னு வாதாடலாம், சனிக்கிழமை விமானத்துல உட்கார்ந்துக்கிட்டு இல்ல.

கிழக்குவானம் | 9:10
விமானத்துல விளம்பர பேனர் இழுக்கிற தொழிலே இதனால ஸ்டேடியம் பக்கம் போக முடியாம போச்சு. விலக்கு யாருக்கு? மேட்ச் நடத்தறவங்களுக்கும் ஒளிபரப்பு உரிமை வாங்கினவங்களுக்கும். அதான் என் கோபம்.

ரேகா_கிரவுண்ட்ஸ்கூல் | 9:25
அதுக்குத் தனி இழை போடுங்க, நானும் வர்றேன். இவர் நாளைக்குப் பறக்கணும்.

வளைகுடா_பறவை, மேட்சுக்கு முன்னாடியே முடிச்சுட முடியுமான்னு பாருங்க. 9 மணிக்குக் கிளம்பினா 11 மணிக்குள்ள இறங்கி, விமானத்தைக் கட்டிப்போட்டுடலாம். கேட்க வேண்டிய கேள்வியே மிச்சம் இருக்காது. காலையில கடல்மேகம் கோல்டன் கேட்ல நிக்கும், அதை மட்டும் பாருங்க. மேகம் விலகாம 11 ஆயிடுச்சுன்னா கிளம்பாதீங்க. திரும்பி வரும்போதுதான் தடைக்குள்ள மாட்டுவீங்க, அதுவும் எரிபொருளும் பயணிகளும் நெருக்கற நேரத்துல.

மணி_பேட்டர்ன் | 11:05
இடையில ஒரு சந்தேகம். மேட்ச் நேரத்துல பாலோ ஆல்டோவுல டச் அண்ட் கோ (இறங்கின உடனே மறுபடி ஏறற பயிற்சி) பண்ணலாமா? டவர் "கிளியர்ட் ஃபார் தி ஆப்ஷன்"னு (இறங்கறதோ தொட்டுட்டு ஏறறதோ உங்க விருப்பம்னு) சொல்றாங்களே.

பாலா_பறப்பு | 11:12
டவர் சொன்னா அனுமதி, அலைவரிசையில இருந்தா தொடர்பு. முடிஞ்சது.

நோட்டாம்_நோக்கர் | 11:30
முடியல. வந்து போறதுங்கிறது பயணம். சுத்திக்கிட்டே இருக்கிறது வந்து போறதுல சேருமாங்கிறது டவரைப் பொறுத்தது. முன்னாடியே ஃபோன்ல கேட்டுடணும்.

வளைகுடா_பறவை | வெள்ளி மாலை 7:50
நேரத்தை மாத்தியாச்சு, காலை 8:45. ஓரக்கிள் பார்க் மேட்ச் மாலை 6:05, பெர்க்லியில ஒண்ணும் இல்ல. பிரீஃப்லயும் நோட்டாம் படிச்சுக் காட்டினாங்க. எல்லாருக்கும் நன்றி.

ரேகா_கிரவுண்ட்ஸ்கூல் | 8:05
நல்லது. யாராவது தெரியாம வட்டத்துக்குள்ள போயிட்டா, 10 நாளுக்குள்ள நாசாவோட ஏஎஸ்ஆர்எஸ் (பறப்புப் பாதுகாப்பு அறிக்கை) படிவத்தை நிரப்பி அனுப்பிடுங்க. வேணும்னு பண்ணினதில்லைன்னா, பொதுவா உரிமத்தை நிறுத்தி வைக்கிற தண்டனையிலிருந்து அது காப்பாத்தும். மீறல் பதிவுல இருக்கும். அதனால படிவத்தை நம்பி யாரும் உள்ள போகாதீங்க.

மணி, வலப்பக்கச் சுற்றுல டவுன்விண்ட் (ஓடுதளத்துக்கு இணையா எதிர்த்திசையில போற பகுதி) வளைகுடா மேல வட்டத்துக்கு வெளியதான் போகும். ஓடுதளமும், கிளம்பி ஏறற தொடக்கமும், ஃபைனலோட (இறங்கறதுக்கான நேர்ப்பகுதி) கடைசி ஒரு மைலும்தான் உள்ள வரும். அதனால பேட்டர்ன் (பயிற்சிச் சுற்று) பத்தி டவர் சொல்றதுதான் முடிவு. கேட்டுட்டு இங்க எழுதுங்க.

மணி_பேட்டர்ன் | 8:31
கேட்டேன். மேட்ச் இருக்கிற நாள்ல பயிற்சிச் சுற்றுக்கு முன்னாடி ஃபோன் பண்ணுங்க, அன்னிக்கு இருக்கிற போக்குவரத்தைப் பார்த்துச் சொல்றோம்னாங்க. நாளைக்கு நான் லிவர்மோர் விமான நிலையத்துக்குப் போறேன்.