எங்கள் எம்.பி. எந்தப் பக்கம் வாக்களித்தார்? எங்கே தேடுவது?

நண்பர்களுக்கு வணக்கம். முக்கிய மசோதாக்களை எங்கள் தொகுதி எம்.பி. ஆதரித்தாரா, எதிர்த்தாரா, அவைக்கே வரவில்லையா என்று ஒரே தாளில் எழுதி, ஊர் நூலகத்தில் ஒட்ட நினைத்தேன். ஒரு மாலை வேலை என்றுதான் இறங்கினேன்!

மொத்த எண்ணிக்கை உடனே கிடைக்கிறது. 2019இல் குடியுரிமைத் திருத்த மசோதாவுக்கு மக்களவையில் ஆதரவு 311, எதிர்ப்பு 80. 2023இல் மகளிர் இடஒதுக்கீட்டுக்கு 454, எதிர்ப்பு 2. பெயர்வாரியாக வேண்டுமென்றால் அவை விவாதக் குறிப்புகளைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கிறது. யாராவது ஏற்கெனவே தொகுத்து வைத்திருந்தால் தந்து உதவுங்கள்.

இன்னொரு தலைவலி குரல் வாக்கெடுப்பு. 2020இல் வேளாண் மசோதாக்கள் அப்படித்தான் நிறைவேறின. யார் 'ஆம்' என்றார், யார் 'இல்லை' என்றார் என்பதற்குப் பதிவே கிடையாது. கூச்சலை எப்படிக் கணக்கில் எழுதுவது? விவாதத்தில் அவர் பேசியதையே நிலைப்பாடாகக் கொள்ளலாமா?

கடைசியாக ஒன்று. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை, அதாவது எப்படி வாக்களிக்க வேண்டும் என்ற கட்சியின் கட்டளையை, மீறி வாக்களித்தால் பதவியே பறிபோகலாம். அப்படியிருக்க, தாளின் தலைப்பில் அவர் பெயரை எழுதுவதா, கட்சியின் பெயரையா?