ஒற்றைத் தலைவலி: எதனால் வந்தது, எதில் அடங்கியது? உங்கள் அனுபவம்

வெள்ளிக்கிழமை முழுக்கு

இடப்பக்கப் பொட்டில் சம்மட்டி விழுவதைப் பற்றி இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். தை வெள்ளி, நாத்தனார் மகளுக்கு நிச்சயதாம்பூலம். தாய்மாமன் மனைவி என்பதால் முதல் தட்டு என் கையில். விடியற்காலை நாலரைக்குத் தலைக்குக் குளித்தேன். காயவைக்க நேரமில்லை. ஈரத்தோடு பின்னி, சாம்பிராணி காட்டி, தை மாதத்து விலையில் இரண்டு முழம் மல்லிகையும் வைத்தாகிவிட்டது. தட்டு மாற்றும்வரை பச்சைத் தண்ணீர்தான். நல்ல நேரம் பத்தரைக்கு.

பத்து மணிக்கே கொட்டாவி வரத் தொடங்கியது. தூக்கக் கொட்டாவி அல்ல, கண்ணில் நீர் வரும்படி அடுக்கடுக்காக. வீடியோக்காரர் விளக்கை என் பக்கம் திருப்பினார். சம்பந்தியம்மாள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார். தட்டில் இருந்த தேங்காயின் குடுமி, வெற்றிலைக் காம்பு, எலுமிச்சம்பழம் எல்லாம் என் முகத்துக்கு நேரே மணக்கின்றன. அடிவயிற்றிலிருந்து புரட்டியது. தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினேன்.

வாந்தி எடுத்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள். தட்டைத் தரையில் வைத்ததை நாத்தனார் இன்னும் மறக்கவில்லை. சரி, எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: குளித்ததா, பூவா, புகையா, பட்டினியா, எது என்னைக் கவிழ்த்தது?

சிவப்பு மை

அக்கா, எனக்கு வலிக்கு முன்னால் கண்ணில் ஒரு மினுக்கம் வரும். விளிம்பெல்லாம் ரம்பப்பல் போல வெட்டி வெட்டி மினுங்கும். இருபது நிமிடத்தில் விலகும், பிறகு வலி. அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது தொடங்கியது. முடித்துவிட்டு எழுந்துகொள்ளலாம் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண்ணின் தாளில் 27 என்று நானே கூட்டிப் போட்டிருக்கிறேன். மதிப்பெண் பட்டியலில் ஏற்றும்போது 2 மட்டும்தான் தெரிந்தது. 7 இருந்த இடம் காலி. கறுப்பாகக்கூட இல்லை, அங்கே எதுவுமே இல்லாததுபோல் இருந்தது. 2 என்றே எழுதிவிட்டேன்.

மறுநாள் அவள் என் மேஜை அருகில் நின்ற நிலையை விடுங்கள். திருத்திக் கொடுத்துவிட்டேன். ஆனால் வீட்டில் அடி வாங்கிய பிறகுதான் வந்திருந்தாள்.

பல வருடம் பள்ளியின் டியூப் லைட்டைத்தான் திட்டினேன். பிறகு ஒரு பழைய நோட்டில் வந்த நாளையெல்லாம் குறித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை. எட்டரை வரை தூங்குவது, ஆறு மணிக் காபி ஒன்பதுக்குப் போவது. இப்போது ஞாயிறும் ஆறுக்கே எழுந்து காபி குடித்துவிடுகிறேன். மாதம் நாலைந்து முறை வந்தது ஒன்றிரண்டாகக் குறைந்திருக்கிறது.

கொல்லிமலைத் தேன்

எனக்கும் கல்லூரி நாட்களில் இருந்தது. பாட்டி சுக்குப் பற்றுப் போட்டார், போய்விட்டது.

முதல் பதிவு போட்ட அக்கா தலைமுழுக்கைக் குறை சொல்வது வருத்தமாக இருக்கிறது. நம் முன்னோர் வாரம் இரண்டு முறை எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள். குற்றம் ஷாம்பூவில் இருக்கிறது. சீயக்காய்க்கு மாறுங்கள். சுக்கைக் கல்லில் வெந்நீர் விட்டு உரைத்து நெற்றியில் பற்றுப் போடுங்கள். நொச்சி இலையைத் தலையணைக்குள் நிரப்பிப் படுங்கள், ஆவியும் பிடியுங்கள். காபியை அறவே நிறுத்துங்கள். மைதா, ஐஸ்கிரீம், சாக்லேட் கூடாது. கைபேசியை இரவு எட்டுக்கு அணைத்துவிடுங்கள். வடக்கே தலைவைத்துப் படுக்காதீர்கள். இஞ்சியைச் சும்மா நினைக்க வேண்டாம். 2014 இல் ஈரானில் 100 பேரிடம் சோதித்தார்கள், இஞ்சிப் பொடி, ஒற்றைத் தலைவலிக்கென்றே தரும் சுமாட்ரிப்டான் மாத்திரைக்குச் சமமாக வலியைக் குறைத்தது. மாத்திரையே தேவையில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சிவப்பு மை

தேன் அவர்களுக்கு: அந்த ஈரான் சோதனையில் பொடியை உள்ளுக்குச் சாப்பிட்டார்கள், நெற்றியில் பூசவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரை கொடுத்த குழுவும் அதில் இல்லை. சுக்குப் பற்று எனக்கும் இதமாகத்தான் இருக்கும். ஒரு முறை அப்படியே தூங்கிப்போய், நெற்றித் தோல் வெந்து, ஒரு வாரம் பொட்டு வைக்க முடியவில்லை.

தலைக்குக் குளிப்பதைப் பற்றி அக்கா சொன்னது கற்பனை அல்ல. மும்பை மருத்துவர் ஒருவர், தலைக்குக் குளித்தால் ஒற்றைத் தலைவலி வருகிற 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006 இல் ஒரு மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். நீண்ட கூந்தல், ஈரம், குளிர்ச்சி, அது நம்மூர்ப் பெண்கள் பலருக்குத் தெரிந்த தொல்லை. காபியை ஒரே நாளில் நிறுத்தச் சொல்வதும் தலைவலிக்குத் தாம்பூலம் வைத்து அழைப்பதுதான். சாக்லேட்டும் பாவம். வலிக்கு முந்தின நாளே சிலருக்கு இனிப்பின் மேல் ஆசை வருகிறது. தின்றுவிட்டு அதன் மேல் பழி போடுகிறோம்.

மருந்துக்கடைக்காரன்

இங்கே மாத்திரைப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எனக்குத் தலைவலி கிடையாது, நான் விற்றவன்.

கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. லாரி செட்டில் கணக்கு எழுதுகிற ஒருவர் மாலையில் வருவார். முதலில் வாரத்துக்கு இரண்டு மாத்திரை, பிறகு தினமும் இரண்டு. ஒரு நாள், பெயர் மறந்துவிட்டது என்று சட்டைப் பையிலிருந்து காலி அட்டையை எடுத்தார். கூடவே ஆறேழு அட்டைகள் கண்ணாடி மேஜையில் விழுந்தன. எல்லாம் காலி. ஒற்றைத் தலைவலிக்கான எர்கோட்டமைன் என்ற பழைய மருந்தும் காஃபீனும் கலந்தது. “இதைப் போடாவிட்டால் விடிவதே வலியோடுதான் தம்பி” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு ஒரு அட்டை கொடுத்தேன்.

சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, இந்த மாதிரிக் கலவை மாத்திரையையோ சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகை மாத்திரையையோ 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் மாத்திரையே தலைவலியாகிவிடும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் ஒரு கட்டத்துக்குப் பிறகு வரவில்லை. வேறு கடைக்குப் போனாரா, மருத்துவரிடம் போனாரா, தெரியாது. அந்த அட்டைகள் விழுந்த சத்தம் மட்டும் இருக்கிறது.

தேன் ஐயா, மாத்திரையே வேண்டாம் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வலி தொடங்கியதும் அளவாகப் போட்டால் ஒன்றில் முடிவதை, வீறாப்பாகத் தள்ளிப்போட்டு நான்காக்கிக்கொள்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இதுவரை இல்லாத கடும் வலி இடி விழுந்ததுபோல் ஒரே நொடியில் வந்தாலோ, ஒரு பக்கக் கைகால் தளர்ந்தாலோ சுக்கும் வேண்டாம், என் கடையும் வேண்டாம். நேரே மருத்துவமனை.

வாவிக்கரை

நாங்கள் மட்டக்களப்பு. எங்களுக்கு இது ஒற்றைத் தலையிடி. எனக்கு உணவும் இல்லை, குளிப்பும் இல்லை, வெயில்தான். காலை பஸ்ஸில் கிழக்குப் பக்க யன்னலில் இருந்தால் தென்னைகளுக்கு இடையால் வெயில் விட்டு விட்டு வெட்டும். வெளிச்சம், நிழல், வெளிச்சம், நிழல். கண்ணை மூடினாலும் இமைக்குள் சிவப்பாக அடிக்கும். கல்முனை போய்ச் சேர முன்பே ஒரு பக்கம் பிளக்கத் தொடங்கிவிடும். ஒருநாள் பக்கத்தில் இருந்த, முன்பின் அறியாத ஆச்சி ஒருவர், ஒன்றுமே கேட்காமல் தன் சேலைத் தலைப்பைப் போத்தல் தண்ணீரில் நனைத்து என் கண்ணையும் நெற்றியையும் சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டார். தலைப்பு என் தலையில் கட்டியிருந்ததால், இறங்குமட்டும் அவரும் என் பக்கமே சாய்ந்தபடி இருந்தார். ஈரம், இருட்டு, இறுக்கம், மூன்றும் ஒரே துணியில். அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

இப்போது மேற்குப் பக்கம் இருக்கிறேன். இடம் இல்லாவிட்டால் அடுத்த பஸ்.

வெள்ளிக்கிழமை முழுக்கு

எல்லோருக்கும் நன்றி, தேன் தம்பிக்கும். சிவப்பு மை சொன்னபடி நோட்டுப் போட்டு மூன்று மாதமாகிறது. முழுக்கைச் சனிக்கிழமை பகலுக்கு மாற்றி, குளிப்பதற்கு முன்னால் இரண்டு இட்லி சாப்பிட்டு, தலை காய்ந்த பிறகே பின்னுகிறேன். ஏழு வாரம் வரவில்லை. எட்டாவது வாரம் குளிக்காமலே வந்தது. நோட்டைப் புரட்டினால் மாதவிலக்குக்கு முந்தின நாள். பழைய பக்கத்திலும் இரண்டு முறை அப்படித்தான். ஆக ஒரு குற்றவாளி இல்லை, கூட்டுக் களவாணிகள். மல்லிகை தனியாக வந்தால் ஒன்றும் செய்வதில்லை. பட்டினியோடும் ஈரத்தலையோடும் சேர்ந்தால்தான் துணிச்சல் வருகிறது.

வைகாசியில் கல்யாணம். தட்டு என் ஓரகத்தியிடம் போய்விட்டது. எனக்குப் பந்தி விசாரிக்கிற வேலை. நல்லதாகப் போயிற்று, முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடலாம்.