கேபின் க்ரூ வேலை: தங்கச்சியை அனுப்பலாமா?

கேள்வி (தேவகோட்டை):
தங்கச்சி பிளஸ் டூ முடிச்சிருச்சு. விமானப் பணிப்பெண்ணா, கேபின் க்ரூ வேலைக்குத்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. அப்பச்சி அரைமனசா இருக்காக. ஒரு இன்ஸ்டிடியூட்ல டிப்ளமோவுக்கு ஒன்றரை லட்சம் கேக்குறாக. கட்டலாமா? வேலையில நல்லது கெட்டது என்ன?

பதில் 1:
கட்டாதீக தம்பி. டிப்ளமோவை எந்த ஏர்லைன்ஸும் கட்டாயமாக் கேக்கறதில்ல. 18 வயசு, பிளஸ் டூ, பெண்களுக்குப் பெரும்பாலும் 155 செ.மீ. உயரம், யூனிஃபார்முக்கு வெளியே டாட்டூ தெரியக்கூடாது, முக்கியமா இவ்வளவுதான். தீயணைக்கிறது, முதலுதவி, அவசரத்துல கதவைத் திறந்து ஆளுகளை இறக்குறது எல்லாம் தேர்வான பிறகு அவுகளே சொல்லித் தருவாக. இந்தியும் இங்கிலீஷும் தடுமாறாமப் பேசப் பழகச் சொல்லுங்க. இத்தனை வருஷம் விட மாட்டேன்னு பாண்ட் எழுதிக் கேட்டா, எத்தனை வருஷம், நடுவுல விட்டா எவ்வளவு கட்டணும்னு படிச்சிட்டுக் கையெழுத்துப் போடணும்.

பதில் 2:
சம்பளத்தைக் கவனமாப் பாருங்க. அடிப்படைச் சம்பளம் கொஞ்சம்தான். மிச்சம் பறந்த மணிக்கணக்குல வரும். விமானம் நகர்ந்ததுலேர்ந்து நிக்கிற வரைக்கும்தான் பெரும்பாலும் கணக்கு. சென்னை–மதுரை–சென்னை–திருச்சி–சென்னைன்னு நாலு செக்டர் (ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்குப் போறது ஒரு செக்டர்) போட்டா பறக்குற நேரம் அஞ்சு மணிக்குள்ளதான். முன்கூட்டியே போயி ரிப்போர்ட் பண்றது, பயணிகளை ஏத்தி இறக்குறது எல்லாம் சேர்ந்தா டியூட்டி எட்டு மணி ஆகிரும். உடம்பு சரியில்லாம ஒரு வாரம் படுத்தா அந்த மாசச் சம்பளத்துல நல்லாத் தெரியும். பிளஸ் டூ படிப்புக்கு இந்த வருமானம் வேற எங்கயும் லேசுல கிடைக்காதுங்கிறதும் உண்மை.

பதில் 3:
உடம்பைப் பத்தி யாருமே சொல்லலையே. பறக்கும்போது கேபின் காத்தழுத்தம் 8,000 அடி உசர மலையில இருக்குற அளவுக்குக் குறையும், ஊட்டியை விட உசரம். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழ. தோலும் தொண்டையும் காயும், தாகம் எடுக்குமுன்னே தண்ணி குடிக்கணும். சளி பிடிச்சிருந்தா பறக்கவே கூடாது: காதுக்கும் மூக்குக்கும் நடுவுல இருக்குற குழாய் அடைச்சுக்கிட்டா, விமானம் இறங்கும்போது செவிப்பறை கிழியக்கூடும். சைனஸ் தொந்தரவு இருந்தா விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடியே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்திருங்க. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ்கூட ஆகாது, மூச்சுப் பரிசோதனையில மாட்டிவிடும்.

கேட்டவர்:
நன்றிங்க. டிப்ளமோ வேண்டாம்னு சொல்லிட்டேன். லீவுக்கு ஊருக்கு வர முடியுமான்னு ஆத்தா கேக்குறாக.

பதில் 2:
சென்னை பேஸா (டியூட்டி தொடங்குற ஊரா) கிடைச்சா முழு ஆஃப் நாள்ல வரலாம். மத்தியானம் பல்லவன் ரயில்ல ஏறினா ராத்திரி காரைக்குடி. ஸ்டாண்ட்பை போட்டிருந்தா நகர முடியாது, கூப்பிட்ட கொஞ்ச நேரத்துல ஏர்போர்ட்ல நிக்கணும். ஸ்டாஃப் டிக்கெட் பெரும்பாலும் சீட் மிஞ்சினாத்தான். தீபாவளி, பொங்கலுக்கு மிஞ்சாது. பேஸ் டெல்லியா விழுந்தாலும் போகுமான்னு தங்கச்சியை இப்பவே கேட்டுக்கங்க, இன்டர்வியூவுலயே அதைக் கேப்பாக.