மகேந்திரவாடி குடைவரை: போய் வந்தவர்கள் எழுதுங்கள்

அரக்கோணத்தான்:
பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த இந்தக் குடைவரைக் கோயிலைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு உறுத்துவது ஆடு மேய்த்த ஒரு பாட்டி கேட்டது. முகப்பிலுள்ள கல்வெட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். கோலை ஊன்றியபடி அருகே வந்து, "தம்பி, எங்கள் ஏரியின் பெயர் இதில் இருக்கிறதா, பார்த்துச் சொல்" என்றார். வடமொழியை எழுத இங்கே பயன்பட்ட பழைய கிரந்த எழுத்து. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. "தெரியவில்லை பாட்டி" என்றேன். "அப்புறம் எதற்குப் படம்?" என்று கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

வாலாஜா வாசகி:
இருக்கிறது! குணபரன் (மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்) பாறையைப் பிளந்து, மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகம் என்னும் ஏரியின் கரையில், முராரிக்கு, அதாவது திருமாலுக்கு, மகேந்திர விஷ்ணுகிருகம் என்ற கோயிலை எடுப்பித்தான் என்பதே அந்த வடமொழிப் பாட்டின் பொருள். ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் மகேந்திரவர்மன் பெயர்தான். நானும் மகளும் போனபோது எழுத்து தெளிவாகத் தெரியவில்லை. சாக்கட்டியைத் தேய்த்தோம். ஒவ்வொன்றாக வெள்ளையாக எழுந்து வந்தது. மகள் விரலால் தடவிக்கொண்டே போனாள். அந்த நிமிடம் மறக்காது.

செய்யாற்றிலிருந்து:
சாக்கட்டியா? அம்மா, தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள். காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள மாமண்டூர்க் குடைவரையில் ஒருவர் சாவியால் தன் பெயரைக் கீறுவதைக் கண்ணால் பார்த்தேன். தடுக்கப் போவதற்குள் முடித்துவிட்டார். நீங்கள் கீறவில்லை, அது தெரியும். ஆனாலும் தேய்க்கத் தேய்க்கக் கல்லின் மேல்தோல் உதிரும். 1,400 ஆண்டு வெயிலும் மழையும் விட்டுவைத்த எழுத்து அது. டார்ச் போதும். நேராக அடிக்காமல், சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தானாகத் தெரியும். ஒருவர் விளக்கை மெல்ல நகர்த்த, இன்னொருவர் ஏழெட்டுப் படம் எடுக்கலாம். கண்ணாடியால் வெயிலைத் திருப்பினாலும் போதும். எண்ணெய், மாவு, தண்ணீர் எதுவும் வேண்டாம். குழந்தைகளுக்கு முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள். மாமண்டூருக்கும் போங்கள். அங்கும் பாறையையொட்டிப் பேரேரி. கல்வெட்டில் அதன் பெயர் சித்திரமேக தடாகம். கல்லைக் குடைந்த அரசன் தண்ணீரையும் தேக்கியிருக்கிறான். கோயிலை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

வாலாஜா வாசகி:
தவறுதான். மகளிடமும் சொல்கிறேன்.

ஏரிக்கரை வீடு:
நான் அந்த ஊர்தான். எங்களுக்கு ஏரிதான் முதலில், குடைவரை பிறகு. ஏரி நிரம்பிக் கோடி போனால் (வழிந்தோடினால்) ஊரே கரையில் நிற்கும். அரக்கோணத்துத் தம்பி, அந்தப் பாட்டி ஆடுகளை எந்தப் பக்கம் ஓட்டிப் போனார்? கரைப் பக்கமா, ரயில் நிலையப் பக்கமா? சொல்லுங்கள், தேடிப் போய் நானே சொல்லிவிடுகிறேன்.