புதுப்பிப்பு: பீரை விட்டு 60 நாள்

போன பதிவு ஞாபகம் இருக்கா? வாரம் நாலு பீர், காலையில கண்ணெல்லாம் உப்பி, "முகம் ஏன்டா இப்படி ஊதியிருக்கு?"ன்னு அக்கா கேட்டது. இன்னையோட 60 நாள். ஒரு சொட்டு தொடலை!

முதல்ல மாறினது முகம்தான். மூணாவது வாரம் ஷேவ் பண்ணும்போது தாடை எலும்பு கைக்குத் தட்டுப்பட்டுச்சு. கண்ணாடி முன்னாடியே ரொம்ப நேரம் நின்னேன், அவ்வளவு சந்தோஷம். அக்கா வீடியோ கால்ல பார்த்துட்டு மாமாவையும் கூப்பிட்டுக் காட்டினா.

"ஒயின் குடிச்சா தோல் பளபளக்கும்"னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. மது உள்ள போனதும் தோல்ல இருக்கற ரத்தக்குழாய் விரியும், முகம் சிவக்கும். அது பளபளப்பு இல்லைங்க. உடம்புல தண்ணியைப் பிடிச்சு வைக்கிற வாசோபிரெசின் ஹார்மோனையும் அது அடக்கிடும். அதான் அடிக்கடி பாத்ரூம், விடிஞ்சா நாக்கு வறட்சி.

தொப்பை மெதுவாத்தான் இறங்குது, பெல்ட்டுல ஒரு ஓட்டை. 1 கிராம் ஆல்கஹால்ல 7 கலோரி, சர்க்கரையில 4தான். கூடவே போற சிக்கன் 65 தனி!

"எவ்வளவு குடிச்சா பரவாயில்லை?" பாதுகாப்பான அளவுன்னே ஒண்ணு இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023லயே சொல்லிடுச்சு.

ஒண்ணு மட்டும் கவனம்: தினமும் நிறைய குடிக்கறவங்க திடீர்னு நிறுத்தாதீங்க, வலிப்பு வரலாம். டாக்டரைப் பார்த்துட்டு நிறுத்துங்க.

அடுத்த வாரம் லிவர் டெஸ்ட். ரிப்போர்ட் வந்ததும் போடறேன்.